நெய் ஊற்றும் முன்

ஸ்ரீரங்கம் உத்திர வீதிப் பக்கம் ஏதாவது ஒரு மெஸ்ஸில் மதியம் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால், இலையில் வந்து விழும் வரிசை அநேகமாக மாறாது. தண்ணீர் தெளித்துத் துடைத்த இலையின் ஓரத்தில் உப்பும் ஊறுகாயும். அடுத்துப் பொரியல், கூட்டு, அப்பளம். சோறு விழுந்ததும் அதன் தலையில் ஒரு கரண்டி பருப்பு. பின்னாலேயே சின்னக் கிண்ணத்தோடு ஒருவர் வந்து கால் ஸ்பூன் நெய்யைச் சொட்டிவிட்டு அடுத்த இலைக்கு நகர்வார். பிறகு சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் என்று மூன்று சுற்று. கடைசிச் சோற்றுக்கு மோர்.

இந்தச் சாப்பாட்டில் மாடு இரண்டே இடத்தில்தான் தலைகாட்டுகிறது: முதல் கவளத்தில் நெய்யாக, கடைசிக் கவளத்தில் மோராக. நடுவில் வருவதெல்லாம் துவரம்பருப்பு, புளி, தேங்காய், கடுகு, பெருங்காயம், நல்லெண்ணெய். மெஸ்காரருக்கு ‘வீகன்’ என்ற சொல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பாட்டுக்கு அதைத்தான் சமைத்துக்கொண்டிருக்கிறார், அந்தக் கால் ஸ்பூன் வரும்வரை.

வத்தக்குழம்பில் மட்டும் ஒரு பொறி உண்டு. சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் வற்றலாக்கும்போது உப்பு போட்ட மோரில் ஊறவைத்துத்தான் வெயிலில் காயப்போடுவார்கள். மோர் மிளகாயின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. புளிக்குழம்புதானே என்று நம்பி ஊற்றிக்கொள்கிறவர், ஒரு வாரம் வெயிலில் காய்ந்த மோரையும் சேர்த்தேதான் சாப்பிடுகிறார்.

‘வீகன்’ என்ற சொல் பிறந்தது 1944 நவம்பரில், இங்கிலாந்தில். டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் பால், முட்டை, தேன் எதையும் தொடாத சைவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியபோது உருவாக்கிய பெயர் அது. தமிழில் இதற்கு ‘நனிசைவம்’ என்ற சொல்லைச் சிலர் புழங்குகிறார்கள். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் திருச்சியில் ‘உயர்தர சைவ உணவகம்’ என்று பலகை மாட்டிய கடைக்குள் போய் நனிசைவம் இருக்கிறதா என்று கேட்டால், கூடுதலாக நெய் ஊற்றிய ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. இங்கே சைவத்தின் உயர்வு நெய்யில்தான் அளக்கப்படுகிறது.

அரசின் கணக்கும் அப்படித்தான் இருந்தது. பொட்டலங்களில் வரும் பச்சைப் புள்ளி பாலையும் வெண்ணெயையும் தேனையும் சைவமாகவே ஏற்றுக்கொள்ளும். விலங்கிலிருந்து வந்த எதுவுமே இல்லை என்பதைக் காட்ட, பச்சை நிற ‘வி’ எழுத்து கொண்ட தனி முத்திரையை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டு விதிகளில்தான் கொண்டுவந்தது. அந்த முத்திரை ஒட்டிய பாதாம் பால் டப்பாக்கள் இன்று தில்லைநகர் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு வந்துவிட்டன. காந்தி மார்க்கெட் வாசலில் காகிதத்தில் மடித்துத் தரும் சுண்டலுக்கு எந்த முத்திரையும் கிடையாது.

சொல்லைத் தொட்டுவிட்டதால் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். தமிழில் எண்ணெய் என்பது எள்+நெய். நெய் என்றால் மாட்டு நெய் மட்டும்தான் என்பது இன்றைய வழக்கு. பழைய தமிழில் பிசுக்குள்ள எந்தக் கொழுப்பும் நெய்தான். எள்ளிலிருந்து வந்தது எண்ணெய், வெண்மையாகத் திரண்டது வெண்ணெய். பிறகு எண்ணெய் என்பது பொதுப்பெயராகி, தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று மற்றவையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டதும், எள்ளுக்கே உரிய பெயரை மீட்க ‘நல்லெண்ணெய்’ என்று சொல்ல வேண்டிவந்தது. பால் கதையும் இப்படித்தான். தேங்காயைத் துருவிப் பிழிந்தாலும் பால், ஆலிலையைக் கிள்ளினால் கசிவதும் பால். தாவரப் பானங்களைப் ‘பால்’ என்று விற்கக் கூடாது என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் தேங்காய்ப்பாலுக்குப் பழைய விதிவிலக்கு நீடித்தது. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் அதை ஒரு ‘மாற்று’ என்று நினைத்ததே இல்லை.

அப்படியானால் காவிரிக்கரைச் சமையல் தாவரத்தையே பெரிதும் நம்பியிருந்ததற்கு என்ன காரணம்? அகிம்சை என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை பெரும்பாலும் மாட்டுக் கொட்டிலிலும் பணப்பையிலும் இருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகள் நெய்யின் மதிப்பைத் துல்லியமாகச் சொல்கின்றன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரியத் தினமும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காகக் கொடையாளி 90 அல்லது 96 ஆடுகளை விட்டுவைப்பார். அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். செத்தாலும் மூத்தாலும் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஓர் உழக்கு நெய்க்குப் பின்னால் ஒரு மந்தையே நிற்க வேண்டியிருந்த நாட்டில், ஏர் ஓட்டியவர் வீட்டுக் குழம்பு எதில் தாளிக்கப்பட்டிருக்கும்?

மாடு இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது உழவு மாடு. டெல்டாவின் உம்பளச்சேரியும் கொங்குநாட்டின் காங்கேயமும் சேற்றிலும் செம்மண்ணிலும் இழுப்பதற்காகப் பேர்போன இனங்கள். கறவை குறைவு, கன்று குடித்ததுபோக மிஞ்சுவது சொற்பம். 1950-51-இல் இந்தியாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பால் சராசரியாக 130 கிராம். 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கி, கூட்டுறவுச் சங்கங்களும் ஜெர்சிக் கலப்பினங்களும் ஊர் ஊராக வந்த பிறகு, 2022-23-இல் அது 459 கிராமாக ஏறியிருக்கிறது. சராசரி என்பதால், அந்த 130 கிராமிலும் பெரும்பங்கு யார் வீட்டுச் சொம்புக்குப் போயிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. விடிந்ததும் வாசலில் பால் பாக்கெட் கிடப்பது நம் காலத்து வசதி. பாலில்லாத சமையல் அதற்கும் மிகப் பழையது.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் இருக்கும் மணப்பாறை இதற்கு ஒரு சின்ன சாட்சி. அந்த ஊருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, சினிமாப் பாட்டு வரை போன மாட்டுச் சந்தை. மற்றொன்று முறுக்கு. மாட்டுக்குப் பேர்போன ஊரின் முறுக்கில் மாடு சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை. அரிசி மாவு, ஓமம் அல்லது சீரகம், எள், பெருங்காயம், உப்பு, தண்ணீர், எண்ணெய். லேசாக உப்புக் கரிக்கும் ஊர்த் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்பார்கள் ஊர்க்காரர்கள். கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் வேறு: அதை இரண்டு முறை பொரிக்கிறார்கள். அச்சில் பிழிந்ததை முதலில் அரைப்பதமாக எடுத்து ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போடுகிறார்கள். முதல் பொரிப்பில் உள்ளே தங்கிவிடும் ஈரம் இரண்டாவதில் வெளியேறுகிறது. வெண்ணெய் சேர்த்தால் வாயில் கரையும். மணப்பாறை முறுக்கு கரையாது, நொறுங்கும். ரயில் ஜன்னல்களில் விற்றே பேர் வாங்கிய இந்தப் பண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெண்ணெய் முறுக்கு வேறு சாதி, அதை இதோடு குழப்பக் கூடாது.

ஏழ்மை பாதிக் கதைதான். மீதிப் பாதியை மண் சொல்கிறது. முக்கொம்புக்கு மேற்கே தொட்டியம், முசிறி வரையிலும், கிழக்கே லால்குடிப் பக்கமும் காவிரியோரம் வாழைதான். பூவன், ரஸ்தாலி, கற்பூரவல்லி, நேந்திரன், மொந்தன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. மொந்தன் காய் பஜ்ஜிக்கும் வறுவலுக்கும். பூ வடைக்கும் உசிலிக்கும். தண்டு கூட்டுக்கு. இலை எல்லாருக்கும். வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தை 1993-இல் திருச்சியில் அமைத்ததில் ஆச்சரியமில்லை. மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு, சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் சாத்துகிறேன் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறார்கள்.

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், அது சும்மா கிடைக்கும் ருசி அல்ல. ஒவ்வொரு மடலாகப் பிரித்து, சீப்புச் சீப்பாக வரும் பூக்களில் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் தீக்குச்சி போன்ற நரம்பையும் அடியிலிருக்கும் கண்ணாடிச் செதிலையும் கிள்ளி எறிய வேண்டும். விரல்நுனி கறுத்துவிடும். நறுக்கியதை உடனே தண்ணீரில் போடாவிட்டால் பூவும் கறுக்கும். அந்தத் தண்ணீரில் துவர்ப்பைப் போக்கப் பல வீடுகளில் ஒரு கரண்டி மோர் விடுவார்கள். மறுபடியும் மோர்! அரிசி களைந்த நீரும் அதே வேலையைச் செய்யும், அந்த வழக்கமும் உண்டு.

இந்தச் சமையலின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பனீர் பட்டர் மசாலாவிலிருந்து பனீரையும் பட்டரையும் எடுத்துவிட்டால் மசாலாதான் மிஞ்சும். சாம்பாரிலிருந்து பாலை எடுக்கவே முடியாது, ஏனென்றால் அங்கே இல்லை. திருச்சிச் சமையலில் பால்பொருள் பெரும்பாலும் மேலே ஊற்றப்படுவது, ஓரத்தில் வைக்கப்படுவது, கடைசியில் வருவது. அது உணவின் எலும்பல்ல, உணவுக்குச் செய்யும் மரியாதை. விருந்தாளி வந்தால் நெய், கல்யாணம் என்றால் நெய், சாமிக்கு நெய். யாரும் வராத செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதுதான் இங்கத்திய வீகன் உணவு.

மரியாதை ஏற ஏற நெய்யும் ஏறும் என்பதற்கு மலைக்கோட்டையே உதாரணம். பிள்ளையார் சதுர்த்தியன்று அங்கே 150 கிலோ எடையில் கொழுக்கட்டை வேகவைத்து, 75 கிலோவை அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கும் 75 கிலோவை உச்சிப் பிள்ளையாருக்கும் தூளி கட்டித் தூக்கிப்போய்ப் படைக்கிறார்கள். வீட்டுக் கொழுக்கட்டை அரிசிமாவும் வெல்லமும் தேங்காயுமாக முடிந்துவிடும். மலைமேல் போகும் கொழுக்கட்டைக்கு நெய்யும் வேண்டும். திருவானைக்காவலில் 1943 முதல் இருக்கும் பார்த்தசாரதி விலாஸுக்கு ஊர் ஊராக ஆள் வருவது சாதா தோசைக்காக அல்ல, நெய் ரோஸ்டுக்காக. அதே ஊர்க் கோயிலில் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி அகிலாண்டேஸ்வரியாகச் சென்று ஜம்புகேஸ்வரரை வணங்கி, கோபூஜையும் செய்கிறார். மாட்டைக் கும்பிடுவதும் அதன் நெய்யில் முறுகலாகத் தோசை வார்ப்பதும் இங்கே முரணாக யாருக்கும் படவில்லை. வீகன் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஊரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் நிலைமை இன்னும் கெட்டி. அரங்கனின் விடியலே விஸ்வரூப தரிசனத்தில், சந்நிதி முன் பசுவும் யானையும் நிற்கத்தான் தொடங்குகிறது. திருமடைப்பள்ளியில் அன்றன்றைக்குப் புது மண்பானையில் தளிகை நடக்கும். கோயிலுக்குள் சந்நிதி கொண்ட துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும். இந்த ஊர் வைணவ வீடுகளில் ரசத்துக்குச் சாற்றமுது, பொரியலுக்குக் கறியமுது, பாயசத்துக்குத் திருக்கண்ணமுது என்று பெயர். புளித்தண்ணீரையும் அமுதாக்கிவிட்ட மொழி இது. இத்தனைக்கும் நடுவே, பெருமாள் கோயில் என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வரும் புளியோதரை நல்லெண்ணெயில்தான் நிற்கிறது. புளிக்காய்ச்சல் கெட்டியாகி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும், வெந்தயமும் எள்ளும் வறுத்துப் பொடித்தது கடைசியில் விழ வேண்டும். இதில் நெய் சேர்த்தால் கெட்டுப்போகும் என்பது வீட்டுச் சமையல்காரர்களின் உறுதியான கட்சி. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் திறக்கப்படும் தூக்குகளில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், காப்பரிசி என்று வரிசையாக இருக்கும். எதிலும் பாலில்லை. ஒரு தூக்கில் மட்டும் தயிர்ச்சாதம்.

பாலையும் நெய்யையும் வேண்டுமென்றே விடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் அது நோன்பு, கெடு வைத்த நோன்பு. அரங்கனையே மணாளனாக வரித்த ஆண்டாளின் திருப்பாவையில், இரண்டாம் பாசுரத்துப் பெண்கள் நோன்பு முடியும்வரை பாலும் நெய்யும் தொடமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். அதே பெண்கள் இருபத்தேழாம் பாசுரத்தில், முழங்கைவரை நெய் வழியும் பால்சோறு கேட்கிறார்கள். மார்கழி 27-இல் கூடாரவல்லி என்று வீடுதோறும் அக்காரவடிசில் பொங்குவது அதனால்தான். இருபத்தைந்து நாள் பசியின் உக்கிரம் அந்த நெய்யில் தெரிகிறது. மாத்வர்கள் கடைப்பிடிக்கும் சாதுர்மாஸ்ய விரதத்திலும் இரண்டாம் மாதம் தயிர் விலக்கு, மூன்றாம் மாதம் பால் விலக்கு, நான்காம் மாதம் பருப்பு விலக்கு. பருப்பும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்தால், மாட்டின் மேலுள்ள கருணையல்ல, நாக்கின் மேலுள்ள கண்டிப்புதான் நோக்கம் என்று புரியும்.

கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் விரதம் இருப்பது பக்தர்கூட அல்ல, தெய்வம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், மாரியம்மன் உலக மக்களுக்காகப் பச்சைப்பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், பழங்கள், துள்ளுமாவு. துள்ளுமாவு என்பது அரிசியை ஊறவைத்து இடித்து வெல்லம் கலந்தது, அடுப்பையே பார்க்காதது. பானகம் வெல்லத் தண்ணீரில் சுக்கும் ஏலமும். அம்மனின் பட்டியலிலிருந்து மோரை மட்டும் எடுத்துவிட்டால், டொனால்ட் வாட்சனே கைகூப்பி வாங்கிக்கொண்டிருப்பார்.

பழசெல்லாம் தாவரம், புதுசுதான் பால் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. இட்லி அந்த முடிவைக் கவிழ்த்துவிடும். இன்றைய இட்லி அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர் அவ்வளவுதான். லூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் தானியத்தோடேயே வந்து இரவில் மாவைப் பொங்கவைத்துவிடுகின்றன. ஆனால் 1025 வாக்கில் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய ‘லோகோபகார’ நூல், உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த் தெளிவு விட்டுக் கரைக்கச் சொல்கிறது. அரிசி அதில் இல்லவே இல்லை. அதாவது இட்லி பாலிலிருந்து தாவரத்துக்கு நடந்துவந்த பண்டம். கம்பங்கூழ் எதிர்த்திசையில் போகிறது: தண்ணீரும் உப்பும் சின்ன வெங்காயமுமாகக் குடித்த கூழை, இன்று சாலையோரத் தள்ளுவண்டியில் கேட்காமலே மோர் விட்டுக் கரைத்துத் தருகிறார்கள். மோர் வேண்டாம் என்றால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

காபியும் அப்படிப் பின்னால் வந்ததே. தமிழர் வாழ்வில் அது எவ்வளவு புதியது, வந்தபோது எவ்வளவு பதற்றத்தைக் கிளப்பியது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். நூறு, நூற்றிருபது ஆண்டுப் பழக்கம்தான். ஆனால் பாலை விட நினைக்கும் ஸ்ரீரங்கத்துக்காரரை முதலில் வீழ்த்துவது நெய்யோ தயிரோ அல்ல, காலை ஐந்தரை மணி டிகாக்‌ஷன்தான். வரக்காப்பியைச் சுக்கும் கருப்பட்டியும் போட்டு ஜுரத்துக்குக் குடிப்பார்கள். நல்ல உடம்போடு குடிப்பவரை ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும்.

சத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குப் பால்தான் கதி என்ற எண்ணம் சரியல்ல. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பசும்பாலில் சுமார் 120. பி12 விஷயத்தில்தான் விளையாடக் கூடாது. அந்த வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடையாது. இறைச்சி உண்ணாத தமிழ் வீடுகளுக்கு அது வந்துகொண்டிருந்ததே அந்தக் கடைசிக் கவள மோரிலும் காலைக் காபியிலும்தான். இரண்டையும் விடுகிறவர் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தாக வேண்டும். முன்னோர் சாப்பாடு என்ற சமாதானம் ரத்தப் பரிசோதனைத் தாளில் எடுபடாது.

முன்னோர் சாப்பாடு என்றதும் ஒரு கதை நினைவுக்கு வரும். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போனால், காவிரியின் தென்கரையில் ஜீயபுரம். பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாள் கோயிலைவிட்டு இந்த ஊருக்கு எழுந்தருள்கிறார். அதற்குச் சொல்லப்படும் கதை ஒரு பாட்டியுடையது. ரங்கன் என்ற பேரன் முகம் மழித்துக்கொள்ள ஆற்றங்கரைக்குப் போனவன் வெள்ளத்தில் சிக்கித் திரும்பவில்லை. பாட்டி ரங்கா ரங்கா என்று கதறியதும் பெருமாளே மழித்த முகத்தோடு பேரனாக வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வீட்டில் இருந்தது பழையதும் மாவடுவும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நிஜ ரங்கன் வந்து நிற்க, இவர் மறைந்துபோனார்.

மாவடுவில் சந்தேகத்துக்கு இடமில்லை. காம்போடு பறித்த பிஞ்சுகளை விளக்கெண்ணெயில் புரட்டி, கல்லுப்பும் மஞ்சளும் கடுகும் மிளகாயும் சேர்த்து ஜாடியில் குலுக்கி வைத்தால், சில நாளில் தன் தண்ணீரிலேயே மூழ்கிச் சுருங்கிவிடும். பழைய சோறும் சோற்றில் விட்ட தண்ணீர்தான். ஆனால் பாட்டி அதில் தயிர் விட்டுப் பிசைந்தாளா இல்லையா என்பதில் கதை சொல்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் பழைய சோறு என்கிறார்கள், இன்னொரு சாரார் தயிர்ச்சாதம் என்கிறார்கள்.